இஞ்சினைத் தாங்கும் ரப்பர்

தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்களில் மோட்டார் கார் அரும்பொருளாக இருந்த காலம் மறைந்துவிட்டது. கரோல் பாகிலிருந்து செயலகத்துக்குச் சைக்கிளில் சென்று திரும்பிய குமாஸ்தாக்களின் பேரப்பிள்ளைகள், இன்று வேகத்துக்கென்றே வடிக்கப்பட்ட டர்போ கார்களை மாதத் தவணையில் வாங்குகிறார்கள். வாங்கிய அன்றே ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு ஓட்டிச் சென்று பூஜை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். நான்கைந்து ஆண்டுகள் கவலையின்றிக் கழிகின்றன. பிறகு ஒரு நாள், சிக்னலில் பச்சை விளக்கு விழுந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் தருணத்தில், காலடியில் ‘டொக்’ என்று ஓர் ஓசை கேட்கிறது. அந்த ஓசையைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுந்தோம்.

நாம் மோட்டார்த் தொழில் பயின்றவர் அல்லோம். ரயில்வேயில் பார்சல் ரசீதும் பதிவேடும் எழுதும் வேலை நம்முடையது. படிப்பும் பள்ளி இறுதி வகுப்போடு நின்றுவிட்டது. ஆயினும் நண்பர்களுடைய வண்டிகளோடு பட்டறைகளில் காத்துக் கிடந்த ஞாயிற்றுக்கிழமைகள் பல உண்டு. பழுதுபார்க்கும் கையேடுகளை வரிவிடாமல் படிக்கும் வழக்கமும் உண்டு. அந்த அளவில் தெரிந்துகொண்டதைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

காரின் இஞ்சின் வண்டியின் உடலோடு நேரே முடுக்கப்பட்டிருப்பதில்லை. மூன்று அல்லது நான்கு இடங்களில், உலோகக் கூட்டுக்குள் ரப்பரைப் பிணைத்துச் செய்த தாங்கிகளின் மீது அது அமர்ந்திருக்கிறது. இவற்றுக்கு ‘மவுண்டிங்’ என்று பெயர். தில்லி மெக்கானிக்குகள் ‘ஃபவுண்டேஷன்’ என்பார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவரிடம், “ஃபவுண்டேஷன் போய்விட்டது” என்று ஹிந்தியில் சொன்னால், அவர் வாடகை வீட்டின் சுவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்! ஆனால் பெயர் பொருத்தமானதே.

ரயிலில் கண்ணாடிச் சாமான் அனுப்புகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறோம். வைக்கோலை இறுக்கித் திணித்தால் பெட்டியின் மேல் விழும் அடி அப்படியே கண்ணாடிக்குப் போகும். தளர வைத்தாலோ கண்ணாடி உள்ளேயே உருண்டு உடையும். மவுண்டிங்கின் சங்கடமும் இதுவே. இஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது அதன் நடுக்கம் உள்ளே அமர்ந்திருப்பவரை எட்டாதிருக்க, ரப்பர் இளக்கமாக இருக்க வேண்டும். அதே இஞ்சின் முழு விசையோடு இழுக்கும்போது துள்ளாதிருக்க, ரப்பர் கெட்டியாக இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இரு குணங்களை ஒரே துண்டு ரப்பரிடம் எதிர்பார்க்கிறோம். இதற்காகவே சில வண்டிகளின் மவுண்டிங்குக்குள் இரண்டு சிறு அறைகள் அமைத்து, கிளைக்கால் கலந்த திரவத்தை நிரப்பி, ஒரு குறுகிய வழியாக அது அறைக்கு அறை பாயும்படி செய்திருக்கிறார்கள். பெரிய ஆட்டத்தை அந்தத் திரவம் அடக்கும். சிறு நடுக்கத்தை ரப்பர் விழுங்கும்.

இந்த ரப்பர் மெத்தை மோட்டார் காரோடு கூடவே பிறந்ததன்று. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனத்தார் 1931-இல் தங்கள் பிளிமத் காரில் ‘மிதக்கும் விசை’ என்று பொருள்படும் பெயரோடு ஓர் ஏற்பாட்டை வெளியிட்டனர். நான்கு சிலிண்டர் இஞ்சினுக்கு இயல்பாகவே ஒரு குலுக்கல் உண்டு. முன்னால் ஒன்றை மேலேயும், பின்னால் ஒன்றைக் கீழேயும் வைத்து, இரண்டையும் இணைக்கும் கோடு இஞ்சினின் எடைமையத்தின் ஊடே செல்லும்படி ரப்பர் தாங்கிகளை அமைத்தார்கள். இஞ்சின் தன் போக்கில் ஊஞ்சல்போல் ஆடியது, வண்டி ஆடவில்லை. மறு ஆண்டே பிரான்ஸின் சித்ரோயன் நிறுவனம் அனுமதி பெற்று இதைத் தன் கார்களில் சேர்த்துக்கொண்டது. இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் ஒவ்வொரு காரிலும் அந்த யோசனையின் வழித்தோன்றல் ஒன்று இருக்கிறது.

வேக வண்டியில் இந்த ரப்பர் ஏன் விரைவில் தேய்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய டர்போ இஞ்சின் ஒன்று 175 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருவதாகக் கொள்வோம். முதல் கியரில் அது சக்கரத்தை அடையும்போது ஏறத்தாழ 15 மடங்காகிறது. அதாவது 2,600-க்கும் மேல். முன்சக்கரத்தால் இழுக்கப்படும் கார்களில் இஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே பிண்டமாக இருப்பதால், சக்கரத்தை முன்னே திருப்பும் அதே அளவு விசை அந்தப் பிண்டத்தைப் பின்னே திருப்ப முயல்கிறது. அதைத் தடுப்பவை மவுண்டிங்குகளே. அரை மீட்டர் தூரத்தில் ஒரு மவுண்டிங் இதைத் தாங்குவதானால், அதன் மேல் விழும் சுமை ஐந்நூறு கிலோ எடைக்கும் அதிகம். சிக்னலுக்குச் சிக்னல் பாய்ந்து புறப்படும் இளைஞர் ஒவ்வொரு முறையும் அந்தச் சிறு ரப்பரின் மீது ஓர் எருமை மாட்டை ஏற்றி இறக்குகிறார் என்று கொள்ளலாம். இத்தோடு இஞ்சினின் மின்னணுக் கட்டளைகளை மாற்றி விசையைக் கூட்டும் ‘ரீமேப்’ வேறு செய்துகொள்கிறார்கள். விசை கூடுகிறது; ரப்பர் பழையதே.

தில்லியின் தட்பவெப்பமும் தன் பங்கைச் செய்கிறது. ஜனவரியின் விடியற்குளிரும் மே மாதத்தின் 45 பாகை வெயிலும் ஒரே ரப்பர் தாங்கியாக வேண்டும். வெயிலிலோ இஞ்சின் மூடியின் கீழ்ச் சூடு இன்னும் அதிகம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் மரத்திலிருந்து வடிகிற பால்தான் பதப்பட்டு இயற்கை ரப்பராகிறது. நெடுநாள் உழைப்பைத் தாங்கும் வல்லமை அதற்கு உண்டு. ஆனால் எண்ணெய் அதற்குப் பகை. மேலேயிருந்து இஞ்சின் ஆயில் சொட்டுச் சொட்டாக ஒழுகி வந்தால் ரப்பர் உப்பி, மிருதுவாகி, உலோகத்தோடு உள்ள பிணைப்பையும் விட்டுவிடும். ஆகவே ஒழுக்கை நிறுத்தாமல் மவுண்டிங்கை மட்டும் மாற்றுவது வீண்.

“ஒரு ரப்பர்த் துண்டு அறுந்தால் என்ன? சத்தம் போட்டுக்கொண்டே ஓடட்டும்” என்று நினைப்பவர்கள் அமெரிக்காவில் நடந்ததை அறிய வேண்டும். 1965 முதல் 1970 வரை செய்யப்பட்ட செவர்லே கார்கள் பலவற்றில் இஞ்சின் மவுண்டிங்கின் ரப்பர் பிரிந்துவிட்டது. வேகப் பிரியர்கள் விரும்பி வாங்கிய கமாரோவும் அவற்றுள் ஒன்று. அந்த வண்டிகளில் இஞ்சின் நீளவாட்டில் அமைந்திருந்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும், பிடிப்பு இழந்த இஞ்சின் இடப்புறமாக எழும்பியது. பெடலிலிருந்து கார்புரேட்டருக்குச் செல்லும் இணைப்பு அதனால் இழுபட்டு, இன்னும் அதிகமாகத் திறந்துகொண்டது. காலை எடுத்தாலும் வண்டி பாய்ந்தது. போதாக்குறைக்குப் பிரேக்குக்கு உதவும் காற்றுக் குழாயும் பிடுங்கப்பட்டது. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, இஞ்சின் எழும்பாதபடி ஓர் இரும்பு வடத்தைக் கட்டி அனுப்பிற்று. அதுவரை அவ்வளவு பெரிய திரும்ப அழைப்பு நடந்ததில்லை. இன்றைய கார்களில் பெடலுக்கும் இஞ்சினுக்கும் இடையே மின்கம்பிதான் இருப்பதால் அதே விபத்து அப்படியே நிகழாது. ஆனாலும் அறுந்த மவுண்டிங்கோடு ஓடும் இஞ்சின் தன் குழாய்களையும் மின்கம்பிகளையும் சக்கரத்துக்குச் செல்லும் தண்டின் இணைப்பையும் ஓயாது இழுத்துக்கொண்டே இருக்கும்.

நமக்கு அடிக்கடி நேரும் கேடு உயிர்க்கேடு அன்று, பொருட்கேடு. நம் குடியிருப்பில் தஞ்சை மாவட்டத்து அன்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மகன் நொய்டாவில் வேலை பார்க்கிறான். தானியங்கிக் கியர் உள்ள டர்போ கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினான். ஓராண்டு கழித்து அந்த ‘டொக்’ தொடங்கியது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் இருக்கையும் நடுங்கின. ஒரு பட்டறையில் காட்டியதற்கு, “கியர் பெட்டி போய்விட்டது, ஒன்றரை லட்சம் ஆகும்” என்றார்கள். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அன்பரிடம் அந்தத் தொகை இருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென வங்கியில் போட்டு வைத்திருந்த பணம் அது.

“அண்ணா வண்டி ஓடவில்லையென்றால் வேலைக்கு எப்படிப் போவான்? நான் அடுத்த வருஷம் சேர்ந்துகொள்கிறேன், அப்பா” என்றாளாம் அந்தப் பெண். அன்பர் நம்மிடம் இதைச் சொன்னபோது குரல் கம்மிற்று. பணம் கொடுப்பதற்கு முன் இன்னொருவரிடம் காட்டலாம் என்று சொல்லி, கரோல் பாகில் சிறு பட்டறை வைத்திருக்கும் முதிய சர்தார்ஜி ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கணினிக் கருவி எதையும் எடுக்கவில்லை. மகனை இருக்கையில் அமர்த்தி, பிரேக்கை மிதிக்கச் சொல்லி, கியரை முன்னும் பின்னும் மாற்றச் செய்தார். மூடியைத் திறந்து பக்கவாட்டில் நின்று இஞ்சினைப் பார்த்தார். பிறகு வண்டியை உயர்த்தி, கீழ்ப்புறத்து மவுண்டிங்கில் ஒரு நெம்புகோலை வைத்து அசைத்தார். ரப்பர் இரண்டாகக் கிழிந்து வாயைத் திறந்தது. கியர் பெட்டியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. சில ஆயிரங்களோடு வேலை முடிந்தது.

சர்தார்ஜி செய்ததில் மந்திரம் ஒன்றும் இல்லை, முறை இருந்தது. வண்டி உடையவர் தாமே அதில் பாதியைச் செய்துகொள்ளலாம்.

தானியங்கிக் கியர் வண்டியானால், ஐ.டி.ஓ. போன்ற நீண்ட சிவப்பு விளக்கில் நிற்கும்போது, பிரேக்கை மிதித்தபடி கியரை ‘டி’ நிலையிலிருந்து ‘என்’ நிலைக்கு மாற்றிப் பாருங்கள். நடுக்கம் உடனே அடங்கினால் மவுண்டிங்கைச் சந்தேகிக்கலாம். இரண்டு நிலையிலும் ஒழுங்கற்ற குலுக்கல் தொடர்ந்தால், ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். ஸ்பார்க் பிளக்கையும் அதன் காயிலையும் முதலில் பார்க்க வேண்டும். குளிர்சாதனத்தை இயக்கும்போது மட்டும் நடுங்கினால் அவசரப்பட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். தில்லிக் கோடையில் அந்தச் சுமை எந்த இஞ்சினையும் சற்று அசைக்கும்.

ஓசையிலும் வேறுபாடு உண்டு. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒன்று, காலை எடுக்கும்போது ஒன்று என்று தனித்தனியாக ஒலிப்பது பெரும்பாலும் கீழ்மவுண்டிங். மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒலிப்பது சஸ்பென்ஷனின் இணைப்புகள். வண்டியைத் திருப்பும்போது ‘டக் டக் டக்’ என்று தொடர்ந்து கேட்டால் சக்கரத் தண்டின் மூட்டு. ஊர்ந்து செல்லும் வேகத்தில் மட்டும் அதிர்ந்தால் கிளச்சாக இருக்கலாம். இந்தக் கடைசி இரண்டையும் மவுண்டிங் என்று எண்ணி மாற்றுபவர்களும் உண்டு. பணம் அப்போதும் வீண்தான்.

கியரை மாற்றிச் சோதிக்கும்போது கைப்பிரேக்கும் கால்பிரேக்கும் இரண்டும் பிடித்திருக்க வேண்டும். பார்ப்பவர் வண்டிக்கு எதிரே ஒருபோதும் நிற்கலாகாது. இரட்டைக் கிளச் கொண்ட கியர் பெட்டிகளில் பிரேக்கை அழுத்தியபடி ஆக்ஸிலேட்டரையும் மிதித்துப் பிடித்திருந்தால் கிளச் தீய்ந்து போகும். கியரை மாற்றிப் பார்ப்பதே போதும். இஞ்சின் சற்றே சாய்ந்து நிற்பது இயல்பு. ஓர் அங்குலத்துக்கு மேல் எகிறினால் இயல்பன்று. பின்னர் டார்ச் விளக்கைக் கொண்டு ரப்பரை நோக்க வேண்டும். மேல்தோலில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வயதின் குறி. அவற்றுக்காக அஞ்ச வேண்டாம். உலோகத்தை விட்டு ரப்பர் பிரிந்திருத்தல், ஆழக் கிழிந்திருத்தல், திரவம் கசிந்து கறுத்த தடம் இருத்தல், உலோகத்தோடு உலோகம் உரசிப் பளபளத்தல் ஆகியவையே உண்மையான அடையாளங்கள்.

மாற்றும் வேலையை நம்மில் பெரும்பாலோர் பட்டறையில்தான் செய்விப்போம். ஆயினும் அருகில் நின்று பார்ப்பவருக்குச் சில செய்திகள் தெரிந்திருப்பது நல்லது. மவுண்டிங்கைக் கழற்றுமுன் இஞ்சினை மேலேயிருந்து ஒரு குறுக்குச் சட்டத்தில் தொங்கவிட வேண்டும். அல்லது கீழேயிருந்து ஜாக்கால் தாங்க வேண்டும். ஜாக்கை ஆயில் தொட்டியின் மேல் நேரே கொடுத்தால் தொட்டி நசுங்கும். இடையே ஒரு மரப்பலகை வேண்டும். வண்டியை ஸ்டாண்டுகளில் நிறுத்தாமல், ஜாக்கை மட்டும் நம்பி எவரும் அடியில் புகக் கூடாது. இதில் மட்டும் எந்த அவசரத்துக்கும் இடம் கொடாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒருசேரக் கழற்றாமல் ஒன்றை மாற்றி முடித்த பின் அடுத்ததற்குப் போவதே முறை. இல்லையேல் இஞ்சின் தன் இடத்தை விட்டு நகர்ந்துவிடும். துளைகளை ஒன்று சேர்ப்பதற்குள் பொழுது போய்விடும். சில நிறுவனங்கள் மவுண்டிங் போல்ட்டுகளை ஒருமுறைக்கென்றே செய்கின்றன. அவை முடுக்கும்போது சற்று நீண்டு பிடிப்பவை; பழையதை மீண்டும் போட்டால் பிடிப்பு நம்பத்தக்கதன்று. எல்லா போல்ட்டுகளையும் முதலில் தளர்வாகப் பூட்டி, இஞ்சினின் எடை முழுவதும் மவுண்டிங்குகளின் மேல் இறங்கிய பிறகு, இஞ்சினை ஒருமுறை மெல்ல அசைத்துத் தானாக அமரவிட்டு, அதன் பின்னரே கையேட்டில் கண்ட அளவுக்கு முடுக்க வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே முடுக்கிவிட்டால் புதிய ரப்பர் முதல் நாளே முறுக்குண்டு நிற்கும். நடுக்கமும் போகாது, ஆயுளும் குறையும். புதிய மவுண்டிங் போட்டும் குறை தீரவில்லை என்று சிலர் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கக் கூடும்.

மூன்றில் ஒன்று அறுந்தபோது மற்ற இரண்டும் அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கியிருக்கும். அவற்றையும் பார்த்துவிட வேண்டும். ஆனால் பார்க்காமலே மூன்றையும் மாற்றச் சொல்வது வேறு. அதற்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

உதிரிப் பொருளுக்குத் தில்லிவாசிகள் காஷ்மீரி கேட்டைத் தேடிப் போவது பழைய வழக்கம். நம் ரயில்வே அலுவலக நண்பர்கள் பழைய தில்லி நிலையத்திலிருந்து நடந்தே போய் வருவார்கள். போகும்போது கழற்றிய பழைய மவுண்டிங்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒரே பெயருள்ள காரில் பெட்ரோல் இஞ்சினுக்கு ஒன்று, டீசல் இஞ்சினுக்கு ஒன்று, தானியங்கிக் கியருக்கு ஒன்று என்று வேறுபடும். உலோகத்தில் பொறித்த எண்ணை ஒத்துப் பார்ப்பதே உறுதி. விலை பாதியாக இருக்கிறதே என்று மகிழ்ந்து முத்திரை மங்கிய பெட்டியை வாங்கினால், ஆறு மாதத்தில் அதே கூலியை மீண்டும் கொடுக்க நேரும். இந்த வேலையில் பெரும் செலவு சாமானைவிடக் கூலிதான்.

இளைஞர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பந்தயக் கார்களில் கெட்டியான பாலியூரித்தேன் மவுண்டிங் போடுகிறார்களே, நாமும் போட்டால் என்ன?” பந்தயக் காரின் உச்சியில் ரப்பரே கிடையாது. 1967-இல் லோட்டஸ் நிறுவனத்தின் 49-ஆம் மாதிரி காஸ்வர்த் இஞ்சினோடு வந்தபோது, இஞ்சினையே வண்டியின் முதுகெலும்பாக்கி, ஓட்டுநரின் பின்சுவரில் நேரே முடுக்கிவிட்டார்கள். 2011 அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டாவின் புத்தா மைதானத்தில் முதல் இந்திய கிராண்ட் பிரீ நடந்தபோது, கோவையின் நாராயண் கார்த்திகேயன் ஓட்டி 17-ஆவதாக முடித்த காரிலும் அவ்வாறே ஒரு காஸ்வர்த் இஞ்சின் முடுக்கப்பட்டிருந்தது. நிமிஷத்துக்கு 18,000 சுற்றுச் சுற்றும் யந்திரத்தின் அதிர்வு முழுவதும் ஓட்டுநரின் முதுகெலும்பில் இறங்கும். அவர் ஒன்றரை மணி நேரத்துக்கு அதைத் தாங்குகிறார். அதற்கென உடலைப் பழக்கியவர். நம் வண்டியின் பின் இருக்கையில் மூட்டுவலிக்காரப் பாட்டி அமர்ந்திருக்கிறாள்.

பிரயாணியைச் சுமக்கும் எந்த வாகனத்துக்கும் ரப்பரின் இளக்கம் தேவை. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் உருவான ரயில் பெட்டிகளின் அடியில், இழுப்பையும் பிரேக்கின் விசையையும் கடத்தும் ‘ஆங்கர் லிங்க்’ என்ற தண்டு ஒன்று உண்டு. அதன் இரு முனைகளிலும் ‘சைலன்ட் பிளாக்’ என்னும் ரப்பர் உருளை இருக்கிறது. நேரே இரும்போடு இரும்பைப் பூட்டியிருந்தால், ஊருக்குப் போகும் இரண்டு இரவுகளும் தூக்கம் பிடித்திராது.

இளைஞரின் ஆசையை முற்றும் மறுக்கவும் நமக்கு மனமில்லை. இஞ்சினின் எடையைத் தாங்கும் மேல்மவுண்டிங்குகளை நிறுவனத்தார் கொடுத்த ரப்பராகவே வைத்துக்கொண்டு, எகிறலை மட்டும் தடுக்கும் கீழ்மவுண்டிங்கில் பாலியூரித்தேன் செருகல் ஒன்றைப் போடலாம். அதிலும் இளக்கமான தரமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கியர் விழுவது துல்லியமாகும்; நின்ற இடத்தில் சற்று அதிர்வு கூடும். தஞ்சை அன்பரின் மகன் அவ்வாறு போட்டுப் பார்த்தான். இரண்டு வாரம் ஓட்டினான். தங்கையைக் கல்லூரியில் சேர்க்க எல்லோருமாக அந்தக் காரில் போனபோது, குளிர்சாதனம் ஓடும் சிவப்பு விளக்குகளில் அம்மா கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தாளாம். மறு ஞாயிறு சர்தார்ஜியிடம் போய் செருகலைக் கழற்றிவிட்டு வந்தான். பத்து நிமிஷ வேலை. அவர் கூலி வாங்கவில்லை.